பெயெர்செபா: ஏழு கிணறா, ஆணைக் கிணறா?

பனையோலை | ஜனவரி 6, இரவு 9.14

வேதபாட வகுப்புக்காக ஆபிரகாம் நடமாடிய இடங்களின் வரைபடம் ஒன்று தயாராகிறது. ஒவ்வொரு ஊருக்கும் கீழே பெயரின் பொருள் ஒரே வரியில் வர வேண்டும். பெத்தேல் 'தேவனுடைய வீடு', அதில் சிக்கல் இல்லை. பெயெர்செபாவில்தான் நிற்கிறது. ஒரு கையேட்டில் 'ஏழு கிணறுகள்', இன்னொன்றில் 'ஆணையின் கிணறு', மூன்றாவதில் 'ஏழின் கிணறு', நான்காவதில் 'சிங்கக் கிணறு'. ஏழு கிணறுதான் சரி என்று நினைக்கிறேன். அங்கே ஏழு கிணறு இருந்திருக்கும், ஊருக்குப் பெயர் வந்திருக்கும். சென்னையில் ஏழுகிணறு இல்லையா?

எழுத்தெண்ணி | ஜனவரி 6, இரவு 10.02

நான்கில் கண்டிப்பாகத் தவறானது நீங்கள் தேர்ந்தெடுத்ததுதான்.

எபிரேயத்தில் பெயர் இரண்டு சொல். முதல் சொல் பேத், அலெஃப், ரேஷ்: 'பெஏர்', கிணறு. இரண்டாவது ஷின், பேத், அயின்: 'ஷெவஅ', ஏழு. எபிரேயத்தில் எண் முன்னால் வரும், பொருள் பின்னால் வரும். ஏழு கிணறு என்றால் 'ஷெவஅ பெஏரோத்' என்று இருக்க வேண்டும். இங்கே கிணறு முன்னால், ஏழு பின்னால். அதனால் 'ஏழின் கிணறு' என்றுதான் பிரிக்க முடியும்.

சந்தேகம் | ஜனவரி 6, இரவு 10.20

ஆங்கிலத்தில் இதைப் 'பீர்ஷீபா' என்று வாசித்துவிட்டு மதுக்கடையைத் தேடுகிறவர்கள் உண்டு. தமிழில் 'பெயெர்' என்று எழுதி, 'பெயெர்செபாவின் பெயர்' என்று சொல்லும்போது நாக்கு சுளுக்குகிறது.

எழுத்தெண்ணி | ஜனவரி 6, இரவு 10.41

சிரிக்க வேண்டாம், அந்த இடத்தில் தமிழ் எழுத்துதான் ஒழுங்கு. 'பெ'க்கும் 'ஏர்'க்கும் நடுவில் அலெஃப் இருக்கிறது. தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு, பிறகு அடுத்த உயிர். அதாவது இரண்டு அசை. ஆங்கிலம் இரண்டு ஈ போட்டு எழுதியது, படிக்கிறவர்கள் ஒரே அசையாக்கிவிட்டார்கள். தமிழில் இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஓர் உடம்படுமெய் போடுவது நம் வழக்கம். யகரம் வந்தது, இரண்டு அசையும் பிழைத்தது.

கடைசி அயின்தான் காணாமல் போனது. அது தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒலி, நம்மிடம் எழுத்து இல்லை. அது போனதால் வேறொரு குழப்பம் வந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

எழுத்தெண்ணி | ஜனவரி 7, காலை 6.35

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எண் எப்போதும் முன்னால்தான் வரும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது பிசகு. ஊர்ப் பட்டியல்களில் எண் பின்னால் வருவது உண்டு. யோசுவா 19:6-இல் மூலம் 'ஊர்கள் பதின்மூன்று' என்றே முடிகிறது. கணக்குப்பிள்ளை நடை: பொருளை எழுதிவிட்டு எண்ணிக்கையைக் கடைசியில் போடுவது.

ஆனாலும் முடிவு மாறவில்லை. அந்த இடங்களில் பொருள் பன்மையில் நிற்கும். பெயெர்செபாவில் கிணறு ஒருமை. பன்மையாக இருந்தால் 'பெஏரோத்' என்று வந்திருக்கும். கிபியோனியரின் நான்கு ஊர்களில் ஒன்று பேரோத் (யோசுவா 9:17). அதுதான் கிணற்றுக்குப் பன்மைப் பெயர். ஆக, வரிசையை விடுங்கள், ஒருமையே போதும். கிணறு ஒன்று.

பனையோலை | ஜனவரி 7, காலை 8.10

சரி, ஏழு கிணறு அடித்தாயிற்று. ஆனால் 'ஏழின் கிணறு' என்றால் எந்த ஏழு? ஆணை எங்கிருந்து வந்தது? ஆதியாகமம் 21-இல் ஆணையிட்டதால் அந்தப் பேர் என்று நேராகவே சொல்லியிருக்கிறதே.

எழுத்தெண்ணி | ஜனவரி 7, இரவு 9.50

அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள். 21:25-இல் கிணற்றுத் தகராறு: கேரார் ராஜா அபிமெலேக்கின் ஆட்கள் ஆபிரகாமின் கிணற்றைப் பறித்துக்கொண்டார்கள். 27-இல் ஆடு மாடு கொடுத்து உடன்படிக்கை. 28-இல் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகள் தனியே நிற்கின்றன. எதற்கு என்று அபிமெலேக்கு கேட்கிறான். 30-இல் பதில்: இந்தக் கிணற்றை நான் வெட்டினேன் என்பதற்கு இவை சாட்சி. இதுவரை படித்தவர் 'ஏழு குட்டி, அதனால் ஏழின் கிணறு' என்று எதிர்பார்ப்பார். 31 அப்படிச் சொல்லவில்லை. இருவரும் அங்கே ஆணையிட்டதால் அந்தப் பேர் என்கிறது.

காரணம் 'ஆணையிட்டான்' என்ற எபிரேய வினைச்சொல். 'நிஷ்பஅ'. அதிலும் அதே ஷின், பேத், அயின். ஏழுக்கும் ஆணைக்கும் வேர் எழுத்துகள் ஒன்றே. எபிரேயக் காதுக்கு 28 முதல் 31 வரை அந்த மூன்று எழுத்தும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும். ஏழா ஆணையா என்று அந்த ஆசிரியரைக் கேட்டால் கேள்வியே புரிந்திருக்காது.

ஆணையிடுவது என்றால் 'தன்னை ஏழுக்கு உட்படுத்திக்கொள்வது' என்று இலக்கணக்காரர்கள் விளக்குவார்கள். ஏழு பொருளைச் சாட்சியாக நிறுத்திச் சத்தியம் செய்வது. இதற்கு வெளியிலிருந்து ஒரு துணை இருக்கிறது. கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ் மூன்றாம் புத்தகத்தில் (3:8) அரேபியர் உடன்படிக்கை செய்யும் விதத்தைச் சொல்கிறார்: நடுவர் ஒருவர் இருவரின் உள்ளங்கையிலும் கீறுகிறார், இருவருக்கும் நடுவே கிடக்கும் ஏழு கற்களில் அந்த இரத்தத்தைப் பூசுகிறார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் செய்தி. அங்கே ஏழு கல், இங்கே ஏழு ஆட்டுக்குட்டி.

சந்தேகம் | ஜனவரி 7, இரவு 10.33

ஹெரோடோட்டஸை இழுப்பதற்குமுன் அரபியையே கேட்டிருக்கலாம். அரபியில் ஏழு 'சப்ஆ'. சத்தியம் செய்வது 'ஹலஃப', 'அக்ஸம'. ஏழோடு ஒட்டும் உறவும் இல்லை. பழைய பாபிலோனியரின் அக்காடியத்திலும் ஏழு 'செபே', ஆணையிடுவது 'தமூ'. அண்ணன் தம்பி மொழிகளில் இல்லாத உறவு எபிரேயத்தில் மட்டும் இருக்கிறது என்றால், இரண்டும் தற்செயலாக ஒரே எழுத்தில் விழுந்த தனித்தனி வேர்களாகவும் இருக்கலாமே?

எழுத்தெண்ணி | ஜனவரி 8, காலை 6.20

இருக்கலாம். இந்த இடத்தில் அழுத்திப் பேச எனக்கு உரிமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சொல்லின் வரலாறு ஒரு கேள்வி. கதை சொன்னவர் அந்தச் சொல்லை எப்படிக் கேட்டார் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதில் இழுபறி உண்டு. இரண்டாவதில் இல்லை: அவர் ஏழையும் ஆணையையும் சேர்த்தே கேட்டார். வரைபடத்துக்கு இரண்டாவது போதும்.

சிங்கக் கிணற்றையும் முடித்துவிடுவோம். அரபியில் ஊரின் பெயர் 'பிஅர் அஸ்-ஸப்அ'. 'ஸபுஅ' என்றால் வேட்டை விலங்கு, பேச்சில் சிங்கம். எபிரேயப் பெயர் அரபு வாய்க்குள் போனபின் பிறந்த பொருள் அது. பழைய பெயருக்கு அதை ஏற்றக் கூடாது.

பனையோலை | ஜனவரி 8, மதியம் 1.05

ஆதியாகமம் 26-இல் ஈசாக்கும் அதே ஊருக்கு அதே பெயர் வைக்கிறார். அங்கேயும் அபிமெலேக்கு, அங்கேயும் அவன் படைத்தலைவன் பிகோல், அங்கேயும் ஆணை. ஒரே ஊருக்கு இரண்டு முறை பெயர்சூட்டு விழாவா?

எழுத்தெண்ணி | ஜனவரி 8, இரவு 9.15

இரண்டு பதில் உண்டு. மூல ஆய்வாளர்கள் ஒரே மரபின் இரண்டு வடிவங்கள் என்பார்கள். தகப்பன் வைத்த பெயரை மகன் புதுப்பித்தான் என்பது மரபான வாசிப்பு, 26:18-ஐக் காட்டுவார்கள். ஆனால் 18-இல் பேச்சு பெலிஸ்தர் தூர்த்த பழைய கிணறுகளைப் பற்றியது. 32-இல் ஈசாக்கின் ஆட்கள் வெட்டிவிட்டு வந்து 'தண்ணீர் கண்டோம்' என்கிறார்கள், அதைப் புதுக் கிணறாக வாசிப்பதே எளிது. அந்த அத்தியாயத்தில் கிணறுகளுக்குப் பெயர் விழும் முறையையும் பாருங்கள்: ஏசேக்கு (வாக்குவாதம்), சித்னா (பகை), ரெகொபோத் (விசாலம்). நடந்ததுதான் பெயர். நான்காவது கிணறு ஆணையிட்ட நாளில் தண்ணீர் கண்ட கிணறு.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் 26:33. ஈசாக்கு கிணற்றுக்கு வைத்த பெயர் மூலத்தில் 'ஷிவ்ஆ'. நம் பழைய மொழிபெயர்ப்பில் சேபா. பழைய ஏடுகளில் புள்ளி கிடையாது. ஒரே எழுத்தின் வலது மேல்முனையில் புள்ளி வைத்தால் ஷின், இடது மேல்முனையில் வைத்தால் சின். அந்தப் புள்ளிகளை மசோரா அறிஞர்கள் (எபிரேய வேதத்தைப் படியெடுத்துக் காத்த யூத அறிஞர்கள்) பல நூற்றாண்டு கழித்துத்தான் வைத்தார்கள். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இங்கே 'ஆணை' என்று போட்டது. அதாவது ஷின் என்று வாசித்தது. ஜெரோம் இலத்தீனில் 'அபுந்தான்சியா', நிறைவு என்று போட்டார். அவர் வாசித்தது சின். 'சிவ்ஆ' என்றால் வயிறார நிறைதல். ஒரு புள்ளி இடம் மாறியதில் ஆணைக் கிணறு நிறைகிணறாகிவிட்டது. அதே வசனத்தின் பிற்பாதியில் ஊர்ப்பெயரை மட்டும் 'பெர்சபே' என்று ஒலிபெயர்த்து விட்டுவிட்டார்.

கிரேக்கத்தைச் சொன்னதால் இன்னொன்று. எழுபதின்மர் ஆதியாகமக் கதையில் ஊர்ப்பெயரை 'ஆணைக் கிணறு' என்று மொழிபெயர்த்தார்கள். யோசுவா, இராஜாக்கள் பக்கம் வந்தால் 'பேர்சபேயே' என்று ஒலிபெயர்ப்பு. தாவீதின் மனைவி பத்சேபாளின் பெயரையும் அதே 'பேர்சபேயே' என்று எழுதிவைத்தார்கள். கிரேக்கத்தில் மட்டும் படித்தவருக்கு தாவீது ஓர் ஊரையே கல்யாணம் செய்ததாகத் தோன்றியிருக்கும்.

சந்தேகம் | ஜனவரி 8, இரவு 9.58

காணாமல் போன அயினைப் பிறகு சொல்கிறேன் என்றீர்கள். கடன் பாக்கி நிற்கிறது.

எழுத்தெண்ணி | ஜனவரி 9, காலை 6.40

பாக்கி இதுதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சேபா பல. மூன்றை மட்டும் பாருங்கள். ஈசாக்கின் கிணறு சேபா. தாவீதுக்கு எதிராக எக்காளம் ஊதிய பிக்கிரியின் மகன் சேபா (2 சாமுவேல் 20). சாலொமோனைப் பார்க்க வந்த ராஜஸ்திரீயின் நாடு சேபா. முதல் இரண்டின் வேரும் அயினில் முடியும், ஏழு அல்லது ஆணை வகை. மூன்றாவது அலெஃபில் முடிகிறது; தென் அரேபிய நாட்டின் பெயர், ஏழோடு சம்பந்தமே இல்லை. தமிழில் மூன்றும் ஒரே எழுத்து. 'சேபாவின் ராணி பெயெர்செபாவைச் சேர்ந்தவள்' என்ற பேச்சு எங்காவது காதில் விழுந்தால் அது இந்த வழியாக வந்தது.

பத்சேபாள், எலிசபெத்து இரண்டிலும் இருப்பது அயின் வகைதான். எலிசபெத்து, 'எலிஷெவஅ': என் தேவன் ஆணை, அல்லது என் தேவன் ஏழு (நிறைவு). மறுபடி அதே இழுபறி.

மண்வெட்டி | ஜனவரி 9, இரவு 8.30

நான்கு நாளாக எழுத்தையே தோண்டுகிறீர்கள். கிணற்றைத் தோண்டுவோம்.

அமெரிக்க வேதாகம அறிஞர் எட்வர்ட் ராபின்சன் 1838-இல் அங்கே போனபோது ஊரே இல்லை. ஓடைக்கரையில் இரண்டு கிணறு இருந்தது. பெரியது 12.5 அடி விட்டம், நீர்மட்டம் வரை 44.5 அடி, அதில் அடிப்பகுதி 16 அடி பாறையில் குடைந்தது. சின்னது 5 அடி விட்டம், 42 அடி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 275 மீட்டர். ஏழு எங்கே என்று தேடியவர்கள் பிறகும் வந்தார்கள். ஆங்கிலேயர் காண்டர் நிலஅளவைக்கு வந்தபோது கணக்கு மூன்று ஆனது.

பெரிய கிணற்றின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 44.5-இல் 16 கழித்தால் 28.5 அடி. அவ்வளவும் கற்கட்டு. காரணம் மண். அந்தப் பள்ளத்தாக்கில் மேலே இருப்பது காற்றடித்துச் சேர்ந்த வண்டல். காய்ந்திருக்கும்போது வெட்டிய சுவர் செங்குத்தாக நிற்கும், பார்க்க உறுதியாகத் தெரியும். நனைந்தால் அப்படியே சரியும். அதனால் பாறை தட்டும்வரை வெட்டி, பாறை விளிம்பில் முதல் வரிசைக் கல்லை உட்காரவைத்து மேல்நோக்கிக் கட்டி வர வேண்டும். பாறைக்குள் கட்டு தேவையில்லை. பராமரிக்காமல் விட்டால் கற்கட்டின் பின்னால் மண் கரைந்து கல் உள்ளே சாயும், ஓரிரு மழையில் கிணறு தூர்ந்துவிடும். பகைவன் வந்து மண்ணைப் போடவே தேவையில்லை. போட்டால் இன்னும் சீக்கிரம்.

வாய்க்கல்லில் கயிறு அறுத்த ஆழமான பள்ளங்களைக் காட்டி 'ஆபிரகாம் காலத்திலிருந்து இழுத்த கயிறு' என்று பயணிகள் பரவசப்பட்டார்கள். காண்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேலிருந்து பதினைந்தாவது கல்வரிசையில் அரபுக் கல்வெட்டு, ஹிஜ்ரி 505 என்று அவர் வாசித்தார். கி.பி. 1111 அல்லது 1112. கட்டுக்கு அந்த வயது என்றால் அதற்கு மேலே உள்ள கயிற்றுத் தடத்துக்கு அதைவிட வயது கிடையாது. கிணறு பழையதாக இருக்கலாம், கட்டு பலமுறை மாற்றியது.

பனையோலை | ஜனவரி 9, இரவு 9.02

அப்படியானால் தொல்லியல் மேட்டில், வாசலுக்கு வெளியே ஒரு கிணற்றின் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே, 'ஆபிரகாமின் கிணறு' என்று? அதையே வரைபடத்தில் ஒட்ட இருந்தேன்.

மண்வெட்டி | ஜனவரி 9, இரவு 9.47

ஒட்டாதீர்கள், அல்லது கீழே வேறு பெயர் போடுங்கள். அது வேறு இடம். இன்றைய நகரத்தின் பழைய பகுதிக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேடு. அரபியில் தெல் எஸ்-ஸபா, இன்று தெல் பெஏர் ஷெவா. யோஹனான் அஹரோனி தலைமையில் டெல் அவீவ் பல்கலைக்கழகம் 1969 முதல் 1976 வரை அகழ்ந்தது, 1990களில் ஸெஏவ் ஹெர்ஸோக் தொடர்ந்தார். 2005-இல் மெகிதோ, ஆசோர் மேடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் வந்தது.

அந்த வாசல் கிணறு ஆழம் 69 மீட்டர். ஓடைக்கரைக் கிணறு ராபின்சன் கணக்கில் 13.5 மீட்டர். ஐந்து மடங்குக்கும் மேல். ஆட்டுமந்தையோடு வந்து கூடாரம் அடிக்கிறவர் 13 மீட்டரில் தண்ணீர் கிடைக்கும் கரையை விட்டுவிட்டு மேட்டுச் சரிவில் 69 மீட்டர் வெட்டுவாரா? அப்படி வெட்டுவதற்குக் கோட்டை கட்டுகிறவனின் மனம் வேண்டும்: தண்ணீர் வாசலை ஒட்டியே இருந்தாக வேண்டும், ஆள்பலம் இருக்கிறது. இது என் வாசிப்பு. அஹரோனி அந்தக் கிணற்றை முற்பிதாக் கதைகளோடு சேர்த்தே பேசினார், ஆனால் அவரும் அதற்குக் கொடுத்த காலம் ஆபிரகாமுக்கு வழக்கமாகச் சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. மேட்டில் செம்புக்கற்காலத் தடயம் உண்டு, பிறகு நீண்ட வெறுமை, மறுபடி குடியேற்றம் கி.மு. 12, 11-ஆம் நூற்றாண்டில்தான். நடுவே ஊர் இல்லை.

ஆதியாகமம் 21-ம் அங்கே ஊர் இருந்ததாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கிணறு, மரம், தொழுகை. 'ஊர்' என்ற சொல் 26:33-இல்தான் வருகிறது, அதுவும் 'இந்நாள்வரைக்கும்' என்று எழுதியவர் தன் காலத்தைச் சொல்லும் வாக்கியத்தில்.

எழுத்தெண்ணி | ஜனவரி 9, இரவு 10.15

மரம் என்று சரியாகச் சொன்னீர்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 21:33-இல் ஆபிரகாம் 'தோப்பை' உண்டாக்கினார். மூலத்தில் 'ஏஷெல்', ஒருமை, ஒரு தமரிஸ்க் மரம். உவர்மண்ணிலும் நிற்கும், தூரத்திலிருந்து நம் சவுக்கு மாதிரித் தெரியும், வேர் வெகு ஆழம் போகும். ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பிலும் தோப்புதான். வரைபடத்தில் பத்து மரம் வரைய வேண்டாம், ஒன்று போதும்.

கிணற்றுக்கு அந்த மொழிபெயர்ப்பு போட்ட சொல் 'துரவு'. தோட்டம் துரவு என்று இப்போது ஜோடியாக மட்டும் சொல்கிறோமே, அதே துரவு. நல்ல தேர்வு. எபிரேயத்தில் 'பெஏர்' என்றால் ஊற்றுத் தண்ணீர் வரும் கிணறு. 'போர்' என்றால் மழைநீரைத் தேக்கப் பாறையில் குடைந்து பூச்சு பூசிய தொட்டி. யோசேப்பைத் தள்ளியது இந்தப் 'போர்' வகைக் குழியில், அதனால்தான் அதில் தண்ணீர் இல்லை என்று கதை சொல்ல முடிந்தது. எரேமியா 2:13-இல் வெடித்த தொட்டிகள், அதுவும் போர். தண்ணீர் நிற்காமல் போவது போருக்கு வரும் நோய். பூச்சு விரிசல் விட்டால் முடிந்தது.

மண்வெட்டி | ஜனவரி 10, காலை 7.05

மேட்டில் இரண்டும் இருக்கின்றன. வாசலுக்கு வெளியே பெஏர். மதிலுக்குள் வடகிழக்கில் போர் வகை: சுமார் 17 மீட்டர் ஆழச் சதுரக் குழி, சுவரோரமாகச் சுற்றி இறங்கும் படிக்கட்டு, கீழே பாறையில் குடைந்த பூச்சுத் தொட்டிகள். வெள்ளக்காலத்தில் ஓடைநீரை வாய்க்காலில் திருப்பி உள்ளே விட்டார்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் ஊர், அதுவும் சில நாள்களில் கொட்டி ஓடிவிடும். முற்றுகை வந்தால் வெளியே உள்ள கிணறு எதிரி கையில் போகும், தொட்டி உள்ளே இருக்கும்.

சந்தேகம் | ஜனவரி 10, காலை 9.30

பெரிய கேள்வியை யாரும் தொடவில்லை. மேடுதான் வேதாகமப் பெயெர்செபா என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அந்தப் பெயர் எழுதிய பானை ஓடு அங்கே கிடைத்ததா?

மண்வெட்டி | ஜனவரி 10, இரவு 9.20

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பதில் வரும்.

மேட்டுக்கு ஆதரவு: முழுதாகத் திட்டமிட்டுக் கட்டிய இரும்புக்கால நிர்வாக ஊர். சின்னதுதான், மதிலுக்குள் ஏக்கர் கணக்கில் மூன்றைத் தொடாது. வட்டமாக ஓடும் தெரு, வாசலை ஒட்டி மூன்று நீண்ட தூண்வரிசைக் கிடங்குகள். பெயர் பக்கத்து அரபுப் பெயரில் நிற்கிறது.

எதிர்ப்பு: இந்த ஊர் (இரண்டாம் அடுக்கு) கி.மு. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தீயில் அழிந்தது. அசீரிய ராஜா சனகெரிப்பின் கி.மு. 701 படையெடுப்போடு பெரும்பாலோர் சேர்ப்பார்கள். அதற்குப்பிறகு யூதா அரசு முடியும்வரை மேட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஊர் இல்லை. ஆனால் பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது. 2 இராஜாக்கள் 23:8, யோசியா காலம், 'கேபா தொடங்கி பெயெர்செபா மட்டும்'. இன்னும் வலுவானது ஆராத் கோட்டையில் கிடைத்த ஓட்டு மடல்களில் மூன்றாவது. எலியாஷிப் என்ற அதிகாரிக்கு வந்தது, கி.மு. 600-ஐ ஒட்டிய காலம். மூன்று பத் (ஒரு முகத்தல் அளவு) திராட்சரசம் கொடு, ஒரு ஜோடிக் கழுதைச் சுமையோடு பெயெர்செபாவுக்குப் போ என்று உத்தரவு. பெயர் அதில் ஆறு எழுத்தும் முழுசாக இருக்கிறது: பேத், அலெஃப், ரேஷ், ஷின், பேத், அயின். அழிந்து நூறு ஆண்டான மேட்டுக்குக் கழுதையில் சரக்கு போகாது.

அதனால் இஸ்ரேலிய வரலாற்றாய்வாளர் நதாவ் நஅமான் 1980-இல் சொன்னார்: வேதாகம ஊர் இன்றைய நகரத்துக்கு அடியில், ஓடைக்கரைக் கிணறுகளை ஒட்டி இருந்தது. நகரத்தின் பழைய பகுதியில் இரும்புக்கால எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. ரோமர் காலத்தில் பெயர் அங்கேதான் ஒட்டியிருந்தது. நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் 'எபிரோனுக்குத் தெற்கே 20 மைல், மிகப் பெரிய கிராமம், படைக்காவல் உண்டு' என்கிறார். (20 ரோம மைல் 30 கிலோமீட்டர். நேர்கோட்டிலேயே 40-ஐத் தாண்டும். மைல்கல்லில் எங்கோ கோளாறு.)

மேட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டு அரமேய ஓட்டு மடல்கள் நிறையக் கிடைத்தன. கோதுமை, வாற்கோதுமைக் கணக்கு. ஊர்ப்பெயர்ப் பலகையாக எடுத்துக்கொள்ள அவற்றில் எதுவும் உதவாது.

எழுத்தெண்ணி | ஜனவரி 11, காலை 6.30

இதோடு ஒன்றைச் சேர்க்கலாம். யோசுவா 19:2 முதல் 6 வரை சிமியோனின் ஊர்கள். முதல் பெயர் பெயெர்செபா, இரண்டாவது சேபா. கடைசியில் 'பதின்மூன்று' என்று கூட்டுத்தொகை. எண்ணிப் பாருங்கள், பதினான்கு வரும். சேபாவை எடுத்தால் கணக்குச் சரி. அதே பட்டியல் 1 நாளாகமம் 4:28-இல் சேபா இல்லாமல் வருகிறது. எழுதியவர் பெயெர்செபாவின் வால்பகுதியை இரண்டு முறை எழுதிவிட்டார் என்று சிலர். 'பெயெர்செபா, அதாவது சேபா' என்று வாசித்துக் கணக்கை நேராக்குவார்கள் வேறு சிலர். கிரேக்கத்தில் அந்த இடத்தில் 'சமா', யோசுவா 15:26-இல் உள்ள சேமாவோடு ஒத்துப்போகிறது, அப்போது அது தனி ஊர்.

சந்தேகம் | ஜனவரி 11, காலை 7.15

அடடா. கிணற்றங்கரை ஒன்று, மேடு ஒன்று. பெயர் பெயெர்செபா ஒன்று, சேபா ஒன்று. இரண்டையும் இரண்டுக்குப் பங்கிட்டுவிடலாம்போல.

எழுத்தெண்ணி | ஜனவரி 11, காலை 7.22

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிழையாக இருக்கக்கூடிய ஒரு சொல்லை வைத்து ஊரை நிறுத்தக் கூடாது.

மண்வெட்டி | ஜனவரி 11, இரவு 8.55

கொம்பு வைத்த பலிபீடத்தைச் சொல்லாமல் விட்டால் மேட்டுக்கு அநியாயம். 1973-இல் கிடங்குச் சுவரைப் பிரித்தபோது மற்றக் கற்களோடு பொருந்தாத, நன்றாகச் செதுக்கிய மணற்கற்கள் வந்தன. மூன்றில் கொம்பு முழுசாக, ஒன்றில் வெட்டியபடி. இன்னொரு கல்லில் பாம்பு. சேர்த்து நிறுத்தியபோது உயரம் ஏறத்தாழ 1.57 மீட்டர். யாத்திராகமம் 20:25 செதுக்காத கல்லால் கட்டச் சொல்கிறது, இது முழுக்க உளிவேலை.

யார் பிரித்தது? எசேக்கியா (2 இராஜாக்கள் 18:4) என்றார் அஹரோனி. இன்னொரு தொல்லியலாளர் யிகேல் யாதின் 1976-இல் எழுந்து, இல்லை, யோசியா என்றார், 23:8-ஐக் காட்டினார். யாதின் சொல்வது நிற்க வேண்டுமானால் இரண்டாம் அடுக்கின் அழிவை 701-லிருந்து நூறாண்டுக்கும் மேலாகக் கீழே இறக்க வேண்டும். பானை வகைகள் 701-இல் சனகெரிப் அழித்த லாகீஸ் ஊரின் மூன்றாம் அடுக்கோடு ஒத்துப்போவதால் அது நடக்கவில்லை. எனக்கு அஹரோனி பக்கம்தான். ஆமோஸ் 5:5 பெத்தேல், கில்காலோடு பெயெர்செபாவையும் சேர்த்துப் போகாதே என்று தடுக்கிறதே, அந்த யாத்திரை எட்டாம் நூற்றாண்டில் எதை நோக்கிப் போனது என்பதற்கு இந்தக் கற்கள் நல்ல பதில்.

பனையோலை | ஜனவரி 12, மாலை 6.10

'தாண் முதல் பெயெர்செபா மட்டும்' என்பதையும் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாமா?

எழுத்தெண்ணி | ஜனவரி 12, இரவு 7.00

காட்டலாம். வேங்கடம் முதல் குமரி என்று நாம் சொல்வதுபோல முழு நாட்டையும் அளக்கும் தொடர். நியாயாதிபதிகள் 20:1, 1 சாமுவேல் 3:20. நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர்தான். நாளாகமக்காரர் திருப்பிப் போடுவார்: 'பெயெர்செபா தொடங்கித் தாண் மட்டும்' (1 நாளாகமம் 21:2). தெற்கிலிருந்து பார்க்கிற ஆள். ஆனால் ஆபிரகாம் வரைபடத்தில் இந்தக் கோடு வேண்டாம், தாண் என்ற பெயரே பிறகு வந்தது. நியாயாதிபதிகள் 18:29 பார்க்கவும், முன்பு லாயீஸ்.

சந்தேகம் | ஜனவரி 12, இரவு 7.18

ஆதியாகமம் 14:14-இல் ஆபிராம் 'தாண்' வரைக்கும் துரத்தினார். இப்போது என்ன செய்வீர்கள்?

எழுத்தெண்ணி | ஜனவரி 12, இரவு 7.40

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கிணற்றிலேயே கழுத்தளவு நிற்கிறோம்.

பனையோலை | ஜனவரி 13, காலை 9.25

வரி இப்படி முடித்திருக்கிறேன்: 'பெயெர்செபா: ஏழின் கிணறு, ஆணையின் கிணறு (ஆதி. 21:28-31, 26:33)'. படம்: ஒரு கிணறு, ஒரு தமரிஸ்க். புள்ளி எங்கே வைப்பது?

மண்வெட்டி | ஜனவரி 13, காலை 10.02

ஆபிரகாம் வரைபடம் என்றால் ஓடைக்கரையில் வையுங்கள். ராஜாக்கள் வரைபடம் போடும்போது கிழக்கே இன்னொரு புள்ளி, '701 வரை' என்று. உங்கள் வரைபட அளவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும், அதனால் ஓரத்தில் ஒரு சிறு கட்டத்தில் பெரிதாக்கிக் காட்டுங்கள். 69 மீட்டர் கிணற்றின் படம் இரண்டாவது புள்ளிக்குப் போகட்டும்.

எழுத்தெண்ணி | ஜனவரி 13, காலை 10.30

வரி சரி. நடுவில் காற்புள்ளிதானே போட்டிருக்கிறீர்கள்? அது 'அல்லது' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.